நாலு விரல்

ஐப்பசிக் காற்றில் சாய்ந்த பலா
நாகலூர் தாண்டி எஸ்டேட்டின் கீழ்க்கட்டில்
பாதையை மறித்துக் கிடக்கிறது.
மேல்பக்கம் நிற்க இடமுண்டு.
கீழ்ப்பக்கம் சரிவு, சரிவு முழுக்கக் காப்பி.
ஒரு செடி ஒடிந்தால் முன்னூறு பிடித்தம்
என்று ரைட்டர் மரியசூசை
நோட்டை மூடாமலே சொல்லிவிட்டார்.

எங்கள் மெஷின் பதினெட்டு அங்குலம்.
இரண்டு பக்கமும் நின்று அறுத்தால் போதும்.
இரண்டு பக்கமும் நிற்க முடிந்தால்.
மேலே மட்டும் நின்று பாதி போனதும்
மரம் உட்கார்ந்துகொண்டது.
பாரைக் கவ்வியது.
தீர்த்தன் இழுத்தான், ஆப்பு அடித்தான்,
பலாவைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
கடைசியில் நட்டைக் கழற்றி
எஞ்சினை மட்டும் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தோம்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து
பாரும் செயினும் மரத்துக்குள்ளேதான்,
பால் ஒட்டி.

ஆகவே சேலம். செவ்வாய்ப்பேட்டை.
கடைப்பையன் பெயர் இம்தியாஸ்.
எல்லாவற்றையும் தீர்த்தனிடமே சொன்னான்:
எழுபது சிசி, இருபத்தெட்டு அங்குலம்,
லிட்டர் பெட்ரோலுக்கு இருபது மில்லி ஆயில்.
தீர்த்தன் வாய் திறந்து நின்றான்,
தேர் பார்க்க வந்தவன் மாதிரி.

நான் மடியிலிருந்த கயிற்றை எடுத்து
மேசைமேல் நீட்டினேன்.
பலாவின் குறுக்களவு. மூன்று சாண்.
டேப் வைத்துப் பார்த்தான். இருபத்தேழு.
"அப்போ இருபத்தெட்டு சரியா இருக்கும்க்கா."

சரியாகத்தான் இருக்கும், மரம் மேசைமேல் கிடந்தால்.
அந்தப்பக்கம் எட்டிப்பார்க்கிற மூக்கு
மண்ணுக்குள் இருக்கும் கல்லை முட்டும்.
முட்டினால் மெஷின் திரும்பும்.
திரும்பும் இடத்தில் என் முகம் இருக்கும்.
மரம் வீழ்த்துவது அவன்.
துண்டு போடுவது நான்.
மெஷினைச் சுமந்துகொண்டு ஏறுவதும் நான்தான்,
அவனுக்கு இடது முட்டி சரியில்லை.

"இருபத்தி நாலு போட்டுக் குடு.
எண்ணெய் ரொப்பு.
கடைக்கு மாடி இருக்கா?"

மூன்று மாடி.
தோளில் வைத்து ஏறினேன்.
முதல் மாடியில் பம்புசெட்டுகள்.
இரண்டாவதில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்,
சாம்பார் வாசம்.
மூன்றாவதில் கதவு பூட்டியிருந்தது.
அங்கேயே நின்று மூச்சை எண்ணினேன்.
பத்து கிலோ இருக்கும்.
பழையதைவிட மூன்று கூட.
எங்கள் காட்டில் மாடி முடியாது,
ஆனால் நடுவில் பாறை உண்டு, உட்காரலாம்.
இறங்கி வந்து
"எவ்வளவு குறைப்பே?" என்றேன்.
இம்தியாஸ் அப்போதுதான் என்னைப் பார்த்துப் பதில் சொன்னான்.

பஸ்ஸில் மெஷினுக்கும் ஒரு டிக்கெட்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
அது என் தொடையில் சாய்ந்தது.
"நாலு அங்குலம்தான் வித்தியாசம்" என்றான் தீர்த்தன்
ஏழாவது வளைவில்.
பதினான்காவதில் மறுபடியும் சொன்னான்.
நான் மஞ்சள் பையிலிருந்த அரத்தைத் தடவிப் பார்த்தேன்.

மறுநாள் பனி விலகுமுன்
பழைய வெட்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
பெரிய எஞ்சின் அவசரப்படவில்லை.
மஞ்சள் தூள் முழங்கால்வரை குவிந்தது.
பழுக்காத பலாவின் வாசனை.
மூன்று சாணில் நாலு விரல் எட்டவில்லை,
எட்டாதென்று தெரிந்ததுதான்.
மேலே சாய்ந்து, காலை அகட்டி,
மூக்கைக் கொஞ்சம் இறக்கி அந்த நாலு விரலையும் அறுத்தேன்.

மரம் முனகி விலகியது.
பழைய பார் தானாக நழுவி
சரிவைப் பார்த்துப் புறப்பட,
தீர்த்தன் பாய்ந்து பிடித்தான்.

பிடித்த இடத்தில், அவன் பாதத்துக்குக் கீழே,
ஒரு காப்பிச் செடி.

மரியசூசை நோட்டைத் திறந்தார்.